மழை வந்தால் கச்சேரி

என் ஜெபாவுக்கு, காது கிழிய அடிக்கிறவளுக்கு,

முதலில் உன்னிடம் ஒரு புகார். உன் நினைவு ஜெபக் கூட்டத்துக்கு உன் சித்தப்பா ஒரு அட்டை அடித்திருந்தார். அன்பான செவிலியர், கீழ்ப்படிதல் உள்ள மகள், அமைதியே உருவானவள் என்று போட்டிருந்தது. நீ அமைதியா? உன் சத்தத்தில் எங்கள் குடோன் ஓட்டில் புறா அடைவதே நின்றுபோயிற்று. டிரம்ஸ் பற்றி அந்த அட்டையில் ஒரு வார்த்தை இல்லை.

நேரே போய்க் கேட்டேன். "அந்தக் கூத்தெல்லாம் இப்ப எதுக்கும்மா? நாலு பெரிய மனுசங்க வந்து போற எடம்" என்றார். "அப்ப இது யாருக்காக நடக்குற கூட்டம்?" என்றேன். அவர் நாற்காலி எடுத்துப் போடப் போய்விட்டார். மூன்று நாள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது போதாதென்று, உன்னில் பாதியை இவர்களும் அழிக்கப் பார்த்தார்கள். எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, சொல்லிவிட்டேன்.

இந்த ஊரில் யாருக்கு ராக் பாட்டு என்று சிரித்தவர்களில் இவரும் ஒருவர்தானே. நாம் இரண்டு பேரும் சென்னைக்கு ரயிலேறிப் போனது நினைவிருக்கிறதா? நீ நைட் டூட்டியை மாற்றிக்கொண்டு, நான் அத்தாவிடம் கல்யாண வீடு என்று பொய் சொல்லி. போய் இறங்கினால் மழை. திறந்தவெளிக் கச்சேரி ரத்து. எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்க, நீ மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாய்.

"ஏட்டி ரஹ்மத்து, நம்மூர்ல மழை வந்தாத்தான லீவு! இவங்க மழைக்குப் போயி நிறுத்துறாங்க. நாம மழைக்கு வைப்போம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. மேகம் கறுத்து இடி இடித்தால் பட்டாசுக் கம்பெனிகளில் வேலை கிடையாது. ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி வேன் பாதியில் திரும்பும். அந்த நேரம் பார்த்து நான் வாட்ஸப்பில் "இன்னைக்கு உண்டு" என்று போடுவேன். ஆமத்தூரில் இருக்கும் எங்கள் அத்தாவின் பழைய பருப்புக் குடோன்தான் அரங்கம். சுவர் நெடுக உளுந்து மூட்டை, அதனால் எதிரொலி இல்லை. லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் வேலை பார்க்கும் மாரி கிட்டார் வாசித்துப் பாடுவான், நீ டிரம்ஸ். நான் எதுவும் வாசிக்கத் தெரியாத ரசிகை. முன்வரிசை எனக்கு.

முதல் நாள் நடந்த கூத்தை மறப்போமா? இரண்டாவது பாட்டில் ஆம்ப்ளிஃபயர் டப்பென்று வெடித்தது. அடுத்த நொடி குடோன் காலி! எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனிகளிலிருந்து வந்த அத்தனை பேரும் செருப்பைக்கூட விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல், எதிர்க் காட்டில் போய்க் குப்புறப் படுத்துவிட்டார்கள். மாரி கிட்டாரோடு ஓடினான். நீ மட்டும் அடித்துக்கொண்டே இருந்தாய். "ஃபியூசுதான் போச்சு, உள்ள வாங்க!" என்று கத்திக்கொண்டே. அந்த அடியைக் கேட்டுத்தான் ஒவ்வொருவராய் வந்தார்கள். வெடிக்குத் திரி முடுக்கும் குருவம்மாக்கா சேலையைப் பிழிந்தபடி சொன்னாளே: "பயந்து ஓடல தாயி. காலு தானா ஓடிருச்சு."

நீ போன பிறகு இரண்டு முறை மழை வந்தது. நான் செய்தி போடவில்லை. கை வரவில்லை. என் அண்ணன் சொன்னான், "அவளே இல்ல, இன்னும் என்ன கச்சேரி? குடோன்ல சரக்கப் போடணும்." ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினேன். "சரி, ஒரு தடவ. ஆளு நிக்கலன்னா அம்புட்டுத்தான், பூட்டிருவேன்" என்றான். கையில் பூட்டோடேயே வந்தான், பாவி.

போன வாரம் காலையிலேயே இடி. "இன்னைக்கு உண்டு" என்று போட்டேன். போனில் தாளம் போட்டுக்கொள்ளலாம் என்றான் மாரி. கூடாது என்றேன். உன் டிரம்ஸை நடுவில் வைத்து, ஸ்டூலைக் காலியாக விட்டோம். உன் அம்மா வந்தார்கள், ஜெபா! பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் எடுத்துப்போகும் அதே துணிப்பையில் உன் குச்சிகளைக் கொண்டுவந்து என்னிடம் தந்துவிட்டு, மூட்டை மேல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். உன் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தார்களாம்.

மூன்றாவது பாட்டு, கம்பெனி வேனைப் பற்றி நாம் கட்டிய வேன் பாட்டு. பாதியில் மழை ஒழுகி ஸ்பீக்கருக்குள் இறங்கி, டமார்.

ஓடினார்கள். வேறென்ன செய்வார்கள்? அந்த ஓட்டம்தான் அவர்கள் உயிர். மாரியும் ஓடினான். உன் அம்மா, நான், வாசலில் அண்ணன். மூன்றே பேர். "பாத்தியா? யாரு கூப்பிடுவா இனி?" என்றான் அண்ணன். கதவில் மாட்ட அவன் பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. போய் உன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நாலு வருடம் உன் கையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்? காலில் இரண்டு, கையில் ஒன்று. தப்பியது. மறுபடி அடித்தேன். குச்சி ஒன்று கைநழுவி விழுந்தது, உன் அம்மா எடுத்துக் கொடுத்தார்கள். "அடி, மகளே" என்றார்கள். அழுதுகொண்டே அடித்தேன், அதை மறைக்க ஒன்றும் இல்லை.

முதலில் வந்தது குருவம்மாக்காதான். காலைத் துடைத்துக்கொண்டு நின்று கேட்டாள். "ஜெபா இப்பிடியா அடிப்பா? நொண்டுது தாயி. விட்றாத, அடி." பின்னாலேயே எல்லோரும் வந்தார்கள். மைக் இல்லை, கரண்டு இல்லை. மாரி தொண்டை கிழியப் பாட, வேன் பாட்டை ஒரு வரி விடாமல் அவர்களும் பாடினார்கள். உனக்குத் தெரியுமா, அவர்களுக்கு அது முழுதும் மனப்பாடம் என்று?

அண்ணன் பூட்டை ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டான். "கொஞ்சம் வேகமாத்தான் அடியேன்" என்றான்.

அடுத்த மழைக்கு மாரியின் பிரஸ்ஸில் நோட்டீசு அடிக்கிறோம். முதல் வரியில் உன் பெயர், பக்கத்தில் டிரம்ஸ் என்று கொட்டை எழுத்தில். உன் சித்தப்பா வீட்டுச் சுவரில் நானே ஒட்டுவேன். மேகம் கறுக்கிற நாளெல்லாம் குடோன் திறந்திருக்கும், ஜெபா. அவர்கள் எத்தனை முறை ஓடினாலும் கூப்பிட அங்கே ஆள் இருக்கும். நான் தப்புத் தப்பாகத்தான் அடிப்பேன். கேட்கச் சகிக்கவில்லையென்றால் வந்து குச்சியைப் பிடுங்கிக்கொள்.

உன் அம்மாவின் இளைய மகள்,
ரஹ்மத்