ரமணியின் பிஸ்கட் டின் ரோபோ

ஈஜோக்,
14.6.1987

அன்புள்ள ரமணி அப்பாவுக்கு,

அம்சவள்ளி எழுதுவது. நானும் ரமணியும் நலம். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று இரண்டு கடிதமாகக் கேட்கிறேன். பதில் இல்லை.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேசட் ரேடியோ இனிமேல் பாடாது. அதன் மோட்டார் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. அந்த டின்னுக்குக் கையும் தலையும் வைத்து, தானாக நகரும் ரோபோவாக ரமணி செய்திருக்கிறாள். கோபப்படாதீர்கள். கோலசிலாங்கூரில் நடந்த பள்ளிக்கூடப் போட்டியில் அதற்குத்தான் முதல் பரிசு!

பிள்ளைகளே செய்யவேண்டும், பெற்றோர் உதவக்கூடாது என்பது போட்டி விதி. உதவியதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விதி போட்டவர்களுக்கே தெரியவில்லை. எங்களை மண்டபத்துக்கு வெளியே நிறுத்தினார்கள்; எல்லாரும் ஜன்னலில் தொங்கினோம். ஜன்னலைச் சாத்தினார்கள், புழுக்கம் தாங்காமல் நடுவரே திறந்துவிட்டார். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சேதுவின் மகனுக்கு, தன் ரோபோவின் சுவிட்ச் எங்கே என்றே தெரியவில்லை. பின்னால் பார்டா, பின்னால் பார்டா என்று கிராணி ஜன்னலில் நின்று கத்துகிறார்.

கடைசியில், அப்பா உதவினாரா என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டார்கள். எல்லாம் திருதிருவென்று முழித்தன. நம் பெண் மட்டும் நிமிர்ந்து நின்று, அப்பா சிங்கப்பூர் போய் இரண்டு வருடம் ஆகிறது, ஒருதரம்கூட வரவில்லை என்றாள். பரிசைக் கொடுத்துவிட்டார்கள்.

அம்மா உதவினாளா என்று யாரும் கேட்கவில்லை. ஏழு வருடமாக நான் ரவாங் ரேடியோ பேக்டரியில் வயருக்கு ஈயம் பற்றவைப்பது அவர்களுக்கு எங்கே தெரியும்? ரோபோவில் நான் பற்றவைத்தது இரண்டே வயர். சரி, ஆறு. மோட்டாரைக் கழற்றியதும் நான்தான். மற்றதெல்லாம் அவள் செய்தது, சத்தியம். ஜன்னலோரம் நின்ற எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அடுத்தது கிள்ளானில் மாநிலப் போட்டி. அதற்கு ஓர் உறுதிமொழிப் பாரம் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைக்கு நான் எந்த உதவியும் செய்யவில்லை என்று தகப்பனார் கையெழுத்துப் போடவேண்டும். இந்த மாவட்டத்திலேயே பொய் சொல்லாமல் அதில் கையெழுத்துப் போடக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

முப்பதாம் தேதிக்குள் கொடுக்காவிட்டால் அவள் பெயரை எடுத்துவிடுவார்கள். பாரத்தைத் தபாலில் அனுப்பமாட்டேன். நேரில் வந்துதான் போடவேண்டும். அப்படி அவர்கள் விதியில் இல்லை. அது நான் போட்ட விதி.

ரேடியோவுக்காக என்னைத் திட்டுவதாக இருந்தாலும், வீட்டுக்கு வந்து திட்டுங்கள்.

வாசலைப் பார்த்திருக்கும்,
அம்சவள்ளி