இரண்டாம் புத்தகத்தில் கட்டிய ஆடு

செப்டம்பர் 8, 2025, திங்கள்

காலை 10.40-க்கு உறுதியானது: ஐந்தாவது புத்தகத்தோடு தொடர் முடிகிறது. டிசம்பரில் அச்சுக்குப் போகிறது. ஆதாரம்: பதிப்பாசிரியர் கவிதா, சென்னையிலிருந்து தொலைபேசியில்.

"முதல் புத்தகத்துல நீங்க எழுப்பின கேள்விக்கு இதுல பதில் வந்துடணும் சார். குமணன் கிடைக்கிறானா, இல்லையா?"

"இன்னும் உறுதியாகவில்லை" என்றேன்.

"சார், கதையே உங்களோடதுதானே?"

நியாயம்தான். செஞ்சி தாலுகாவுக்கு முப்பத்தொரு ஆண்டாக நான் நிருபர். ஏரி ஆக்கிரமிப்பு, மணல் லாரி, பஸ் ஸ்டாண்டுக் கழிவறை எல்லாம் எழுதியாயிற்று. பொழுது போகாமல் ஒரு கதை தொடங்கினேன். கோட்டையில் காணாமல்போன ஆறு வயதுத் தம்பி குமணனை அக்கா பொற்கொடி தேடுகிறாள். பள்ளிப் பிள்ளைகள் படிப்பார்கள் என்று பதிப்பகம் சொன்னது. படித்துவிட்டார்கள். அதுதான் இப்போது சிக்கல்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கிளை நூலகத்தில் வாசகர் சந்திப்பு. வந்தவர்கள் பதினொரு பேர். எல்லோரும் ஒன்பதாம் வகுப்புக்கு மேல். கடைசிப் புத்தகத்தில் என்ன வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். குமணன் கிடைக்க வேண்டும் என்றவர்கள் நான்கு பேர். ஆடு என்றவர்கள் ஏழு பேர்.

எந்த ஆடு என்று நான் கேட்டிருக்கக் கூடாது.

பிளஸ் ஒன் படிக்கும் மணிமொழி எழுந்து நின்றாள். "ரெண்டாவது புக்குல பொற்கொடி கோட்டை கல்யாண மகால் படிகிட்ட ஒரு ஆட்ட கட்டிட்டு, 'இங்கியே இரு, வந்துடறேன்'னு சொல்லிட்டு மேல போனா. அப்புறம் வரவேயில்ல. மூணு வருஷமா அங்கியே நிக்குது. தண்ணியாவது வச்சீங்களா சார்?"

ஒரே சிரிப்பு. நூலகர்கூட.

"கதைக்கு அது அவ்வளவு முக்கியமில்லை, அம்மா."

"அத்த நீங்க சொல்லக் கூடாது சார். ஆட்டத்தான் கேக்கணும்."

செப்டம்பர் 15

இரண்டாம் புத்தகம், பக்கம் 88. சரிபார்த்தேன். கட்டியிருக்கிறேன். அவிழ்க்கவில்லை.

செப்டம்பர் 27, சனி

கடைசி அத்தியாயம் முடிந்தது. கடைசி வாக்கியம்: "குமணனைத் தேடும் பணி தொடர்ந்து நடைபெற்று வருகிறது." ஆட்டைப் பற்றி அடிக்குறிப்பாக ஒரு வருத்தம் தெரிவித்துவிடலாம் என்று எண்ணம்.

நான் கையால்தான் எழுதுவேன். பஸ் ஸ்டாண்டு எதிரே டிடிபி கடையில் அன்புக்கரசி டைப் செய்வாள். நான்கு புத்தகமும் அவள் விரல் வழியாகப் போனவை. ஒரு எழுத்தை மாற்ற மாட்டாள், கருத்தும் சொன்னதில்லை. இன்று கடைசி வரியில் விரலை எடுத்துவிட்டாள்.

"இன்னா சார் இது, பேப்பர் நியூஸ் மாதிரி இருக்குது."

"தெரியாததை எழுத முடியாது, அன்பு."

"பேப்பர்ல தப்பா போட்டாத்தான் மறுப்பு போடணும். கதையில யாரு சார் வந்து மறுப்பு கேக்கப் போறா?"

வேறு யார் கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருப்பேன். 2010 ஆடி அமாவாசைக் கூட்டத்தில் காணாமல்போனது அவளுடைய தம்பி. ஆறு வயது. திண்டிவனத்தில் ஒரு பையன் கிடைத்திருக்கிறான் என்று எனக்கு ஒரு போன் வந்தது. அந்த ஒரு போனை நம்பி 'மாயமான சிறுவன் மீட்பு' என்று எழுதினேன். அவள் அம்மா அம்மாக்கண்ணு செய்தியைப் பார்த்துவிட்டுப் புதுச் சட்டையோடு திண்டிவனம் போய் இறங்கினார். அது வேறு பையன். மறுநாள் ஆறாம் பக்கத்தில் இரண்டு வரி வருத்தம் வெளியிட்டோம். அன்று அன்புவுக்கு ஒன்பது வயது.

அதன்பிறகு 'கிடைத்தான்' என்று நான் எழுதியதில்லை. 'கிடைத்ததாகக் கூறப்படுகிறது.' மாடு கிடைத்தாலும் அப்படித்தான்.

இதைப் பற்றி அவளும் நானும் ஒரு சொல் பேசியதில்லை.

அக்டோபர் 6, திங்கள்

கவிதா அழைத்தார். "இது முடிவு இல்ல சார், நிலவர அறிக்கை. வேற எழுதுங்க." பிறகு, "டைப் பண்றது யாரு? முன்னூறு பக்கத்துல ஒரு பிழை இல்ல. பக்க வடிவமைப்புக்கு எங்களுக்கு ஆள் வேணும். தங்க இடம் நாங்க பாத்துக்கறோம். முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள பதில் சொல்லச் சொல்லுங்க."

ஒரே அழைப்பில் எழுதியவனின் புத்தகம் திரும்பி வந்தது. டைப் செய்தவளுக்கு வேலை வந்தது.

அக்டோபர் 7

அன்புவிடம் சொன்னேன். ஒரு கணம் சிரித்தாள். பிறகு விசைப்பலகையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"ஆசையாத்தான் இருக்குது சார். அம்மாவ வுட்டுட்டு எப்படி? காலேஜுக்கே விழுப்புரம் போவல நான். தம்பி வந்தா வூட்ல ரெண்டு பேரும் இருக்கணும் அம்மாவுக்கு."

"அம்மா அப்படிச் சொன்னார்களா?"

"சொல்லல. நானும் கேக்கல. கேட்டா அழும். நீங்க போய் எதுனா சொல்லி வைக்காதீங்க சார்."

சரி என்றேன். ஒரே வீட்டில் பதினைந்து ஆண்டு. ஒருவரையொருவர் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

அனந்தபுரம் பஸ்ஸில் போய் அம்மாக்கண்ணுவைப் பார்த்தேன். அன்பு கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். வாசலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார்.

"வா ரிப்போட்டரே. பதினஞ்சு வருசம் ஆச்சா வழி தெரிய?"

நான்கு புத்தகத்தையும் அன்பு அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். எனக்கு இது தெரியாது.

"எம் புள்ளையத்தான எழுதிக்கினு கீற?"

"இல்லை" என்றேன். நான் வெளியிட்ட மறுப்புகளிலேயே பலவீனமானது. அவர் ஒரு கை மல்லாட்டையை என் பக்கம் தள்ளினார்.

எப்படி முடிக்கலாம் என்று கேட்டேன்.

"அவன் வருவானான்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரியாதத எழுதாத. ஒரு தபா எழுதினியே, போதும்."

தலையைக் குனிந்துகொண்டேன். அந்த நேரத்திலும், 'என் கடைசி வரிக்கு ஆதரவு கிடைத்துவிட்டது' என்று உள்ளே ஒரு திருப்தி. சே, இன்னா மனுஷன் நானு?

அவர் முடிக்கவில்லை. "ஆனா அந்தப் பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சு? நாலு புக்கா மலை ஏறிக்கினே கீது. அதோட அம்மாகாரிக்கு வாயில்ல? 'நீ போடி, அவன் வந்தா கதவத் தொறக்க நான் இருக்கேன்'னு சொன்னா இன்னாவாம்?"

சொல்லுக்குச் சொல் குறித்துக்கொண்டேன். வேலை விஷயம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

புதிய கடைசி அத்தியாயம். பொற்கொடியின் அம்மா அந்த வாக்கியத்தைச் சொல்கிறாள். பொற்கொடி மலையிறங்கும்போது ஆட்டை அவிழ்த்துவிடுகிறாள், மூன்று வரி. குமணனைப் பற்றி ஒன்றுமில்லை. தெரியாது.

ஒருவர் ஓரிடத்தில் சொன்னதை வேறிடத்தில் பொருந்தும்படி வைப்பது எங்கள் தொழிலில் மன்னிக்க முடியாத குற்றம். வேறு நிருபர் செய்திருந்தால் நானே புகார் எழுதியிருப்பேன். ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னதை இன்னொரு பெண் டைப் செய்யப் போகிறாள். தெரிந்தேதான் செய்கிறேன்.

அக்டோபர் 16

அந்த வரியில் அன்பு நின்றாள்.

"இது எங்கம்மா பேச்சு."

"ஆமாம்."

"யாரப் பத்தி சொல்லுச்சு?"

"பொற்கொடியைப் பற்றி."

"பொற்கொடியப் பத்தி" என்று திருப்பிச் சொன்னாள். கேள்வியாக இல்லை. அதே வரியை இரண்டு முறை அடித்தாள், ஒன்றை அழித்தாள். நான்கு புத்தகத்தில் அப்படி நடந்து பார்த்ததில்லை.

கிளம்பும்போது, "இன்னொரு பிரிண்ட் எடுத்துக்கறேன் சார். ராத்திரி அம்மாவுக்குப் படிக்கணும்."

அக்டோபர் 17

அன்பு கடைக்கு வரவில்லை. காரணம் தெரியவில்லை. நான்தான் காரணமோ?

அக்டோபர் 24, வெள்ளி

தாலுகா அலுவலகம் அருகே அம்மாக்கண்ணு என்னை நிறுத்தினார்.

"ஏன் ரிப்போட்டரே, நான் கதைக்குத்தான சொன்னேன்?"

"ஆமாம்மா. கதைக்குத்தான்."

"அத்த எடுத்து எம் பொண்ணு கையிலயே குடுத்துட்டியே."

"நீங்கள் சொன்னால் மறுப்பு போட்டுவிடுகிறேன்."

நல்ல வெயில். அவர் அவசரப்படவில்லை. ஒரு பஸ் வந்து, ஆள் ஏற்றிக்கொண்டு போயிற்று.

"வேணாம். சொன்னது சொன்னதுதான்."

பையிலிருந்து ஒரு புதுப் பூட்டை எடுத்துக் காட்டினார். பெட்டிக்கு இது தாங்குமா என்று என்னிடம் கேட்டார். தாங்கும் என்றேன். இழுத்துப் பார்க்காமலே சொன்னேன்.

அக்டோபர் 31

கவிதா: "பொண்ணு சரின்னுட்டா. முடிவும் சரி. ஆடு வர்ற இடத்துல அழுதுட்டேன் சார்."

மூன்று வரி. பதினெட்டுப் பக்கம் துரத்தல் எழுதியிருந்தேன். அதைப் பற்றிப் பேச்சில்லை. கடைசிப் புத்தகத்தில் இவர்கள் புதிதாக எதுவும் கேட்கவில்லை போலிருக்கிறது. வழியில் விட்டுப்போனதை எழுதியவன் மறக்கவில்லை என்று தெரிந்தால் போதும்.

நான் மறந்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

டிசம்பர் 11

நூலகத்தில் மணிமொழி. ஆட்டை அவிழ்த்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். "தண்ணி குடிச்சுதா சார்?" என்றாள்.

எழுதவில்லை. மெய்ப்புப் பார்க்கும் தேதியும் நாளையோடு முடிகிறது.

டிசம்பர் 12

சென்னையிலிருந்து கடைசி மெய்ப்பு. பக்கம் 212-இல் நான் எழுதாத ஒரு வரி: "முதலில் அதைக் குளத்துக்கு ஓட்டிப்போய்த் தண்ணீர் காட்டினாள்."

ஒரு எழுத்தை மாற்றாதவள்.

திருத்தவில்லை. சரி என்று கையெழுத்திட்டு அனுப்பினேன்.

ஜனவரி 10, 2026, சனி

புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. ஆதாரம்: அன்புக்கரசி, பக்க வடிவமைப்புப் பிரிவு, சென்னை.

நிலுவையில் இருப்பவை: காணாமல்போன சிறுவன் பற்றிய தகவல், தேதி ஏதும் தெரிவிக்கப்படவில்லை. முதல் பிரதி, 13-ஆம் தேதி செவ்வாய் மாலை, பொங்கலுக்கு வரும் அன்புவின் கையில்.

அன்றைக்கு வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, மதியம் இரண்டு மணிக்கே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடப்போவதாக அம்மாக்கண்ணு சொன்னார். பஸ் ஆறரைக்குத்தான் என்று சொல்லியாயிற்று. கேட்கவில்லை.