ஆலிவ் மரம் பார்த்து வந்தோம்

ஜலகண்டாபுரம்

அன்புள்ள தமிழரசுக்கு அப்பா எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனதுதான் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. ஸ்பெயினில் நீயும் மருமகள் ரஞ்சிதாவும் நலமாக இருக்க வேண்டும். போன மாதம் போனில், "ஏனுங்கப்பா, நம்ம மேட்டுக்காட்டுல ஆலிவ் வெக்கலாமுங்களா? வெக்கலாம்னு நீங்க சொன்னா வேலைய உட்டுட்டு வந்தர்றேன்" என்று கேட்டாய். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அன்றிலிருந்து வாசலுக்கும் மோட்டார் ரூமுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன், பேப்பர்கூட முழுதாகப் படித்து முடிப்பதில்லை. பதிலைப் போனில் சொன்னால் நீ பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

ஏற்காடு அடிவாரத்தில் சந்திரசேகர் என்று ஒருவர், பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கள்ளி வகைகளும் நீ இருக்கிற பக்கத்துச் செடிகளும் வைத்துத் தோட்டம் நடத்துகிறார். போன செவ்வாய்க்கிழமை போனோம். கிளம்பும்போதே அம்மா, மாரியம்மனிடம் பூ கேட்காமல் போகக்கூடாது என்றுவிட்டாள். சிவப்பையும் வெள்ளையையும் தனித்தனி இலையில் மடித்துப் போட்டு ஒன்றை எடுத்ததில் வெள்ளை வந்தது. உத்தரவு கிடைத்துவிட்டது என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தோட்டத்தில் சட்டி சட்டியாகக் கள்ளியைப் பார்த்ததும், "ஆடு வராம வேலிக்கு வெக்கிறதையெல்லாம் இங்க டிக்கெட் போட்டுக் காட்டுறாங்களே" என்று சிரித்தாள். பிறகு, குண்டு இலைச் செடி ஒன்று காய்ந்த மண்ணில் நிற்பதைப் பார்த்துப் பாவப்பட்டு, பாட்டில் தண்ணீரை அதற்கு ஊற்றப் போய்விட்டாள். அவர் ஓடி வந்து, "அய்யோ, ஊத்தாதீங்கம்மா, அழுகிப் போயிரும்" என்று தடுத்தார். பச்சை வலைக்கு அடியில் ரோஸ்மேரி, லாவெண்டர் எல்லாம் பார்த்தோம், எனக்கு எதிலும் கண் நிற்கவில்லை.

ஆலிவ் கடைசியில் இருந்தது. என்னைவிட உயரம், இலையின் அடிப்பக்கம் சாம்பல் பூசியதுபோல், நல்ல திடமான மரம். அம்மா அதைத் தொட்டுக் கும்பிட்டாள். காய்ப்பு எப்படி என்று கேட்டேன். "காயாங்க சார்? வெச்சு வருசக்கணக்காச்சு, பூவே பாக்கலீங்க. அது பூக்க நல்ல குளிர் வேணும், நம்மூர் மார்கழியெல்லாம் அதுக்குப் பத்தாதுங்க" என்றார். அம்மனிடம் என்னதான் கேட்டாய் என்று அம்மாவிடம் கேட்டேன். "மரம் பொழைக்குமான்னு கேட்டேன். பொழச்சுத்தான நிக்குது? காயப் பத்தி நான் கேக்கவே இல்லையே" என்கிறாள். வரும்போது பஸ்ஸில் சேலம் தாண்டியதும் அம்மா என் பக்கம் திரும்பினாள். அப்புறம் மெதுவாக, "நீங்க வெக்கலாம்னே எழுதுங்க. பையன் வந்து எறங்கட்டும், மரம் காய்ச்சா என்ன காய்க்காட்டி என்ன" என்றாள். சோறு போடும்போதெல்லாம் இதையேதான் சொல்கிறாள். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை, ஒரு தாளில் அப்படியே எழுதிக் கிழித்தும் போட்டேன்.

ஆகவே ஆலிவ் வேண்டாம் சாமி. அதை நம்பி வேலையை விடாதே. ஆனால் ஒன்று என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. மரம் வைக்கப் போகிறவன் போரில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று கேட்பான், மண்ணைப் பற்றிக் கேட்பான். நீ ஒன்றும் கேட்கவில்லை. நான் வாத்தியாராகப் பாடம் நடத்திய வகுப்புகளில் அடிக்கடி ஒரு பிள்ளை எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு வரட்டுமா சார் என்று கேட்கும். பல நேரம் அதற்குத் தாகமே இருக்காது, வெளியே போனால் போதும் என்றிருக்கும். அந்த மாதிரி நீ கேட்டாயோ என்று எனக்குத் தோன்றுகிறது. நான் நினைப்பது தப்பானால் சிரித்துவிட்டு விட்டுவிடு. சரியானால், நம் வீட்டுக்கு வர உனக்கு ஒரு மரம் காரணமாக வேண்டியதில்லை. பிழைப்புக்கு என்ன செய்வது என்று நாம் மூவரும் ரஞ்சிதாவும் உட்கார்ந்து யோசித்துக்கொள்ளலாம்.

ரஞ்சிதாவுக்கும் உனக்கும் எங்கள் ஆசீர்வாதம், எப்போதும் நன்றாக இருங்கள். ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிடு. ஆலிவ், நிலம், கம்பெனி எதன் பேச்சையும் எடுக்காமல், ஊருக்கு வரணும்போல இருக்குதும்மா என்று மட்டும் சொல்லிப் பார்.

அன்புடன்,
அப்பா சின்னுசாமி