ஆளில்லை என்று எழுதிய வீடுகள்

முருகன் துணை

நெய்வேலி,
17-4-1983

சிரஞ்சீவி சோமசுந்தரத்துக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே அப்பாவும் உன் தங்கை சந்திராவும் நானும் முருகன் புண்ணியத்தில் சௌக்கியம், அங்கே அணைக்கட்டு வெயிலில் உன் உடம்பு எப்படியென்று அடுத்த கடிதத்திலாவது விவரமாக எழுது. அப்பாவுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட்.

நமக்குத் தயிர் கொண்டுவரும் வீரம்மாள் ஊரைப் புதுச் சுரங்கத்துக்கு எடுக்கிறார்கள். வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தவர்கள் காலை பத்து மணிக்குப் போயிருக்கிறார்கள். இது முந்திரிக்கொட்டை பொறுக்கும் மாதம், அந்நேரம் ஊரே தோப்பில்தானே இருக்கும்? பூட்டிய கதவிலெல்லாம் ஆளில்லை என்று சாக்பீஸால் எழுதிவிட்டார்கள். பட்டியலில் பேர் இல்லாவிட்டால் மாற்று மனை கிடையாது. பொறுக்கப் போனவள செத்தவளாக்கிட்டானுங்களே அம்மா என்று வீரம்மாள் நம் வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

அப்பா கம்பெனியில் நிலம் எடுக்கும் ஆபீசுக்குக் கலியமூர்த்தி என்று புதிதாக வந்த பிள்ளை, பண்ருட்டிப் பக்கம். விஷயம் கேட்டுப் பட்டியலோடு தானே போயிருக்கிறான். எழுதிய கதவுக்கு முன்னால் சாணி தெளித்த ஈரம், அதன்மேல் கோலம். ஆளில்லாத வூட்டுக்கு யாருங்க கோலம் போட்டது என்று கேட்டுவிட்டு நேரே தோப்புக்கு நடந்தானாம். நின்னுக்கினு எழுதினா எங்க வேல கெடும், நீயும் குனிஞ்சி பொறுக்கிக்கினே கேளு சாமி என்று வீரம்மாள் கிண்டல் பண்ண, நாலு நாள் அப்படியே கேட்டு எழுதினான். சட்டையெல்லாம் முந்திரிப்பழக் கறை, எந்த சோப்புக்கும் போகாது. பட்டியல் முடிந்துபோச்சு என்று மேலதிகாரி மறுத்ததற்கு, தப்பு என்னுதுன்னே எழுதித் தர்றேங்க என்றானாம். அவன் செய்த தப்பே இல்லை! நாற்பத்தொரு வீடு பட்டியலில் ஏறியது. வெள்ளிக்கிழமை அவனுக்கு அர்ச்சனை செய்தேன், நட்சத்திரம் தெரியாததால் சுவாமி பேருக்கே செய்யச் சொன்னேன். இப்போ சந்தோஷந்தானே என்று வீரம்மாளைக் கேட்டால், பேரு நின்னுச்சி, வூடுதான் நிக்காது என்று சொல்லிவிட்டுத் தயிர்ப்பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அங்கே அணைத் தண்ணீரில் முழுகப்போகும் ஊர்களில் இரண்டே நாளில் மூன்று ஊர்க் கணக்கை முடித்தேன் என்று பெருமையாக எழுதியிருந்தாய். படித்தபோது எனக்கும் பெருமைதான். இப்போது கேட்கிறேன், எந்த நேரத்தில் போனாய்? அங்கே இது என்ன அறுவடை மாதம்? மறுபடி ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. மேலே திட்டினால் திட்டட்டும்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. தீர்க்காயுசோடு இரு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா,
பொன்னம்மாள்