அந்த வீட்டுக் கிணறு

ஆடி 12, செவ்வாய் இரவு.

எழுதத் தெரியாது, போனில் சொல்லி வைக்கிறேன். பல்கலைக்கழகக் கம்பஸில் எங்கள் சாதிப் பிள்ளைகள் குறைவு என்று, அவர்களுக்காகவே விடுமுறையில் சுகாதாரப் பயிற்சி வைத்திருக்கிறார்கள். மகனின் மகள், என் பேத்தி நிலா அதில் ஊர்க் கிணறுகளைச் சோதிக்கிறாள். சின்ன வயதில் நான் தாகத்துக்குக் கை ஏந்தி நிற்க, எட்ட நின்று தண்ணீர் வார்த்த வீட்டுக்கு இன்று போய்வந்திருக்கிறாள்.

"அந்த வீட்டு அன்ரி, 'நில் பிள்ளை, நான் அள்ளித் தாறன்' எண்டவா, அப்பப்பா. 'இல்லை, நான்தான் அள்ளோணும், அதுதான் சோதனை முறை' எண்டு வாளியை வாங்கிட்டன்," என்று சிரித்தாள்.

"முடிவு எப்ப வரும்?"

"வெள்ளிக்கிழமை. கிருமி இருந்தால் நான்தான் போய்ச் சொல்லோணும்."

இருந்தால், இவள் அள்ளியதால் வந்தது என்பார்களோ? எங்களை அண்டவிடாத அந்தக் கிணற்றுத் தண்ணீர் சுத்தமாக இருக்கவேண்டும் என்று, படுத்துக்கிடந்து சந்நிதிக் கோயில் முருகனை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.