கணக்கில் வராத மைல்கள்

அக்டோபர் 3, 2019, வியாழன்

மழை. கராஜைத் திறந்ததும் அந்த வாடை. புளித்த பாலும் பழைய தூசியும் கலந்தது மாதிரி. எலி செத்துக் கிடக்கும் என்று எத்தனையோ வருஷமாகத் தேடுகிறேன். எலியும் இல்லை, புழுக்கையும் இல்லை. வெயில் காலத்தில் வராது. காற்றில் ஈரம் ஏறினால் வரும். யாரோ காருக்குள் உட்கார்ந்திருந்து, இப்போதுதான் இறங்கிப் போன மாதிரி.

கார்வெட் காரை விற்றுவிடலாம் என்று என் மனைவி ஆர்லினிடம் சொன்னேன். கழுவிக்கொண்டிருந்த தட்டிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லுவ. செய்ய மாட்ட."

கராஜுக்குள் அவள் வருவதே இல்லை. மனைவிகளுக்கு இந்தக் கார்கள் பிடிக்காது என்று நினைத்திருந்தேன்.

அக்டோபர் 5, சனி

உறையை நீக்கித் துடைத்தேன். மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி வெள்ளி. 1978 இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் மற்றக் கார்களுக்கு முன்னால் வழிகாட்டி ஓடியதே, அதே வகை. கதவில் ஒட்டவேண்டிய எழுத்துகள் இன்னும் பெட்டியில் சுருட்டியபடி இருக்கின்றன. கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு கண்ணாடியிலேயே இருக்கிறது. இரண்டு இருக்கைகளிலும் தொழிற்சாலையில் போட்ட பிளாஸ்டிக்.

மகன் டெனிக்கு என்று வாங்கினேன். அப்போது அவனுக்குப் பதினொரு வயது. இருபத்தொன்று ஆனதும் சாவி அவன் கையில். அதுவரை யாரும் ஓட்டக் கூடாது. ஓட ஓட மதிப்பு இறங்கும், அதுதான் இந்தக் கார்களின் கணக்கு.

பத்தொன்பதில் போய்விட்டான். ரத்தப் புற்றுநோய்.

அக்டோபர் 8, செவ்வாய்

ஃபோர்ட் வேன் ஊரிலிருந்து ஒருவர் போன் செய்தார். ட்ரென்ட் சோபியெஸ்கி. பழைய கார்கள் சேர்ப்பவர். சனிக்கிழமை வருகிறார்.

அக்டோபர் 12, சனி

வந்தார். தரையில் அட்டையை விரித்துப் படுத்து, டார்ச் அடித்து, அடிப்பாகம் முழுக்கப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"நீங்க மட்டும்தான் பூட்டி வச்சீங்கன்னு நெனச்சீங்களா சார்? அந்த வருஷம் பாதி இண்டியானா இதை வாங்கிப் பூட்டி வச்சுச்சு. வாரம் ஒண்ணு வருது எனக்கு."

பிறகு மைல் மீட்டரைப் பார்த்தார். இவ்வளவு குறைவாக ஓடிய காரில் ஒவ்வொரு மைலும் எப்படி வந்தது என்று கேட்பது இவர்கள் வழக்கம். வாங்கிய கடையிலிருந்து வீடு. ஒருமுறை கிளப் கண்காட்சி, போய் வந்தது. அவ்வளவுதான் என்றேன். மனதில் கூட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நாற்பது மைலுக்கு மேல் உதைக்கிறதாம். மீட்டரில் யாரோ கை வைத்திருக்கிறார்களா என்று நாசூக்காகக் கேட்டார்.

டெனி நோயில் கிடந்த 1986 கோடைக்குப் பிறகு நான் அந்த எண்ணைப் பார்த்ததாக நினைவில்லை.

போகும்போது இன்னொன்றையும் காட்டினார். பக்கத்து இருக்கையின் பிளாஸ்டிக், அடியில், வெள்ளைத் துணி டேப்பால் ஒட்டியிருக்கிறது. "இது தொழிற்சாலை வேலை இல்லையே."

இல்லை. அந்த டேப்பை எனக்குத் தெரியும். டெனியின் கையில் ஊசி நகராமல் இருக்க நர்ஸ் ஒட்டிவிடுவாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. அவன் அந்தக் கோடையில் எழுந்து நிற்கவே ஒரு ஆள் பிடிக்கணும். அவன் எப்படி ஓட்டியிருப்பான்? யார் ஓட்டினது அப்ப?

அக்டோபர் 15, செவ்வாய்

கேட்டேன். ஆர்லின் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"நாந்தான்."

நான் இரண்டாவது ஷிஃப்டில் இருந்த நாள். 'குணமானதும் தரேன்னு அப்பா சொல்லிட்டே இருக்காரு, அது ஆகாதுன்னு உனக்குத் தெரியும்ல அம்மா' என்று டெனி கேட்டிருக்கிறான். அவளுக்குத் தெரியும். தாங்கிக்கொண்டு போய்க் காரில் உட்காரவைத்தாள். மிசிசினேவா அணைவரை போனார்கள். பிளாஸ்டிக் முதுகில் ஒட்டுகிறது என்றான், உரித்துவிட்டாள். திரும்பும் வழியில் வாந்தி.

"'அப்பா கொன்னுடுவாரு'ன்னு சிரிச்சான், லாய்ட். வாயத் தொடச்சுக்கிட்டே சிரிச்சான். அவன் அப்படிச் சிரிச்சது அதுதான் கடைசி."

அவளே கழுவி, அவளே பிளாஸ்டிக்கைத் திரும்பப் போட்டு ஒட்டியிருக்கிறாள். கம்பளத்துக்கு அடியில் இறங்கியதை மட்டும் எடுக்க முடியவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றேன்.

"அவன் போனதுக்கப்புறம் நீ அதத் தொடச்சுட்டே இருந்த. உனக்கு அது யாரும் தொடாத காரா இருக்கணும். இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்."

அக்டோபர் 16, புதன்

எலின்னு நெனச்சு மருந்து வச்சிருக்கேன். என் பையனுக்கு மருந்து வச்சிருக்கேன்.

மழை இல்லை. இருந்தும் கராஜில் போய் நின்றேன். வாடை வரவில்லை. வந்திருக்கக் கூடாதா.

அக்டோபர் 19, சனி

சோபியெஸ்கியிடம் சொன்னேன். மீட்டர் சரிதான், என் மனைவி எங்கள் மகனை ஒரு நாள் கூட்டிப் போனாள் என்று. பிறகு, அப்படியானால் கணக்கு சரியாகிவிட்டது, எடுத்துக்கொள்கிறேன் என்றார். கம்பளத்தைக் கழற்றிச் சுத்தம் செய்வாராம், அந்த டேப்பையும் எடுத்துவிடுவாராம். எடுக்காமல் இருக்க முடியுமா என்று கேட்டேன்.

"வாங்கினப்புறம் அது என் கார் சார்," என்றார். கெட்ட மனிதர் இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

விற்காமல் விடலாமா என்று ஆர்லினிடம் கேட்டேன்.

"அவன் அதுல இல்ல லாய்ட். ஒரு சாயங்காலம் இருந்தான். குடுத்துடு."

அக்டோபர் 26, சனி

மூடிய லாரி வந்தது. இஞ்சினைக் கிளப்பவில்லை, இத்தனை வருஷம் ஓடாமல் கிடந்தது கெட்டுவிடுமோ என்று இரும்புக் கயிற்றைக் கட்டி, கையால் தள்ளுவதுபோல் மெதுவாக இழுத்து ஏற்றினார்கள். ஆர்லின் கராஜ் வாசல்வரை வந்து நின்றாள். லாரி முனை திரும்பும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நவம்பர் 3, ஞாயிறு

சாப்பாட்டுக்குப் பிறகு ஆர்லின் தன் ப்யூக் காரின் சாவியை எடுத்துக்கொண்டு, ஏறு என்றாள். நான் வழக்கம்போல் ஓட்டும் பக்கம் போனேன். தலையாட்டி மறுபக்கத்தைக் காட்டினாள்.

அணைக்குப் போகும் சாலை. இருபுறமும் அறுத்து முடித்த சோளக்கொல்லை. சாலை நேராகிற இடத்தில், "இங்கதான் இன்னும் வேகமா போகச் சொன்னான்," என்றாள். மிதித்தாள். நான் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டேன்.

ஐம்பத்தைந்து வருஷம் ஆகிறது கல்யாணமாகி. இவள் இவ்வளவு வேகமாக ஓட்டுவாள் என்று எனக்குத் தெரியாது.