பெயர் தெரியாதவனுக்கு ஓர் அர்ச்சனை

காஜா பேராங், மலாக்கா
17-6-1962

அன்புள்ள தம்பி சேதுபதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், அங்கே நீயும் சுகம் என்று எழுதியிருந்தாய், அதை மட்டும் நான் நம்பவில்லை. அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, பஸ் ஓட்டப் போகிறார். தங்கச்சி கோகிலாவுக்கு ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் கூறைப்புடவை எடுத்தாயிற்று, ஆவணியில் கல்யாணம். எனக்குத்தான் ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

உன் கடிதத்தை நாலு தரம் படித்துவிட்டேன். வானத்துக்குப் போன கலம் திரும்பி இறங்கும்போது செங்குத்தாக விழுந்தால் தீய்ந்துபோகும், ரொம்பச் சாய்வாக வந்தால் காற்றில் பட்டு எகிறி வெளியே போய்விடும், இது என் மண்டைக்கே புரிந்தது. மேலே காற்று ஒருநாள் கனம், ஒருநாள் லேசு, ஆனால் உங்கள் ஆபீஸ் பெரியவர் கணக்கில் ஒரே காற்றைத்தான் வைத்திருக்கிறார், சொன்னால் வேலைக்கு உலை, அதனால் பேசாமல் இருந்துவிட்டேன் என்கிறாய். விறகு கூட ஒருநாள் ஈரம், ஒருநாள் காய்ந்தது. நான் என்ன கடிகாரத்தைப் பார்த்தா சோறு வடிக்கிறேன், பருக்கையை நசுக்கிப் பார்த்துத்தானே? அந்தக் கலமும் வருகிற வழியிலேயே வேகத்தையும் சூட்டையும் பார்த்துப் பார்த்துத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பதுதானே உன் கணக்கு, அதைச் சொல்ல என்னப்பா பயம்?

அதில் ஒரு மனிதன் உட்கார்ந்து வரப்போகிறான் என்று வேறு எழுதிவிட்டாய். மனசு கேட்காமல் வெள்ளிக்கிழமை பொய்யாத பிள்ளையார் கோயிலுக்குப் போனேன், அவனுக்கு ஓர் அர்ச்சனை செய்யலாமென்று. குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். இன்னும் ஆளையே பொறுக்கியெடுக்கவில்லை என்றாயே, நான் எதைச் சொல்வது, பின்னால் வரிசை நிற்கிறது, பதற்றத்தில் சேதுபதி, விசாகம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அர்ச்சனை ஆள் மாறிப் போய்விட்டதே என்று அப்பாவிடம் சொன்னேன். பிள்ளையாருக்கு ஆள் தெரியும் என்று அப்பா சிரிக்கிறார், சிரிக்கட்டும். உன் பெயரைச் சொன்ன பிறகு அவனை ஊரான் பிள்ளை என்று நினைக்க என்னால் முடியவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பெரியவரிடம் சொல்லு, மரியாதையாகச் சொல்லு, எழுதியும் கொடு. போ என்றால் வந்துவிடு, கல்யாண வேலைக்கு இங்கே ஆள் இல்லை. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. பிள்ளையார் உனக்கும் அவனுக்கும் துணை இருப்பார். சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி தந்தி அடி, அடிக்க மனம் வராவிட்டால் ஆளைப் பொறுக்கியெடுத்த அன்றே அவனைப் பெற்றவளின் விலாசத்தையாவது அனுப்பு, அவளுக்கு நான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பொன்னம்மா